விதி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை?

அரசுப் பணியில் சேர்ந்ததும் கருத்துச் சொல்லும் உரிமை போய்விடுகிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. "எதற்கு வம்பு, 17(ஆ) வந்துவிடும்" என்ற பேச்சோடு எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் ஆசிரியர் அறையிலேயே முடிந்துவிடுகின்றன.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசுப் பணியாளர்கள் எவ்வகை ஆர்ப்பாட்டத்திலும் ஈடுபடக் கூடாது என்று பீகார் அரசு விதித்த தடையை, காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. பணியில் சேர்வதால் ஒருவர் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என்றும் அதே தீர்ப்பு கூறியது. வசதியான பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது சரியாகாது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973இன்படி அரசின் கொள்கையைப் பத்திரிகையிலோ பொது மேடையிலோ விமர்சிக்கக் கூடாது. கட்சி அரசியல் கூடாது. வாக்களிக்கலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது. கதை, கவிதை, அறிவியல் கட்டுரை எழுதத் தடையில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பொதுவெளியா என்று சிலர் கேட்கிறார்கள். முந்நூறு பேர் பார்ப்பதை வேறென்னவென்று சொல்வது? மாணவர் விடைத்தாளின் பிழைகளைப் படமெடுத்துச் சிரிப்புக்காகப் பகிர்வதை எந்த உரிமையிலும் சேர்க்க முடியாது.

பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. பணிக்கடமையின் பகுதியாக, அலுவல் முறையில் தெரிவிக்கும் கருத்துக்கு இந்த விமர்சனத் தடை பொருந்தாது. வகுப்பறைச் சுவரில் விரிசல் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால் நாலு பேர் பாராட்டுவார்கள், பிறகு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். விரிசல் அப்படியே இருக்கும். தலைமையாசிரியருக்குத் தேதியிட்டு எழுதி, நகலில் ஒப்புதல் கையொப்பம் பெறுங்கள். "கட்டடம் மோசம்" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். "மூன்றாம் சன்னலுக்கு மேல் நான்கடி விரிசல், அதனடியில் 28 மாணவர் அமர்கின்றனர்" என்று எழுதினால் படிப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். விரிசலைக் கூட்டப் பொருளாக வைத்துத் தீர்மானமாக்கினால், அது ஓர் ஆசிரியரின் தனிக்குரலாக நிற்காது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. வேறு பணி ஒதுக்கப்பட்டால் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பணிவாக எழுதலாம்.

பதில் வராவிட்டால் முந்தைய கடிதத்தின் தேதியைப் பார்வையில் காட்டி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு உரிய வழியாக நினைவூட்டு அனுப்புங்கள். தீர்மான நகலையும் இணையுங்கள்.