உடைந்து போன வால் நட்சத்திரம்



வால் நட்சத்திரம் என்று பேர்தான், அது நட்சத்திரமே இல்லை. பனிக்கட்டியும் தூசியும் கலந்த உருண்டை. சொந்த வெளிச்சம் கிடையாது. சூரியன் பக்கம் வரவர அந்தப் பனி சூடாகும். ஆனால் உருகித் தண்ணீர் ஆகாது. கற்பூரத்தைத் திறந்து வைத்தால் காணாமல் போகிறதே, அது மாதிரி நேராக ஆவியாகிவிடும். அறிவியல் பாடத்தில் படித்த பதங்கமாதல்தான் இது! ஆவியோடு தூசியும் கிளம்பும். அதன்மேல் வெயில் படுவதால்தான் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது.

அப்படியென்றால் கிட்ட வந்தால் வெளிச்சம் கூடும், தூரப் போனால் குறையும், கணக்குப் போட்டுச் சொல்லிடலாமே என்று நினைப்பீங்க. அதுதான் முடியாது. 2007 அக்டோபரில் ஹோம்ஸ் என்கிற வால்மீன் சூரியனை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மங்க வேண்டிய அது, இரண்டே நாளில் சுமார் 5 லட்சம் மடங்கு பிரகாசமாகி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதிலிருந்து ஏராளமான தூசி திடீரென்று வெடித்துக் கிளம்பியதுதான் காரணம்.

வால்மீன் கல்லு மாதிரி கெட்டி இல்லை, பொரி உருண்டை மாதிரி. சூரியனோ வியாழனோ பக்கத்தில் இழுத்தால் உடையும். ரொம்ப வேகமாகச் சுழன்றாலும் உடையும். உடைந்ததும் உள்ளே மூடிக் கிடந்த புதுப் பனி வெயிலில் படும், வெளிச்சம் கூடும். அதனால் திடீரென்று மின்னுவது நல்லதுக்குத்தான் என்று சொல்ல முடியாது. ஐசான் வால்மீன் 2013 நவம்பர் நடுவில் இப்படித்தான் மின்னியது. 28-ம் தேதி சூரியனை ஒட்டிப் போய், வெறும் தூசியாகச் சிதறிப் போச்சு.

வால் நட்சத்திரம் தெரிந்தால் ஊருக்கு ஆகாது என்று பெரியவங்க சொல்வாங்க. ஐரோப்பாவிலும் பயந்திருக்கிறார்கள். 1826-ல் பீலா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி கண்டுபிடித்த வால்மீன், 1832-ல் பூமி சுற்றும் பாதையைக் கடக்கும் என்று தெரிந்ததும் உலகமே அழியப் போகுது என்று பலர் நடுங்கினார்கள். பூமி அந்த இடத்துக்குப் போனதோ ஒரு மாதம் கழித்துத்தான்!

1846-ல் அதே வால்மீன் இரண்டாகப் பிரிந்து வந்தது. ஒருநாள் ஒன்று பிரகாசம், இன்னொரு நாள் மற்றது பிரகாசம். 1852-ல் இரண்டும் 20 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் விலகி வந்தன. அப்புறம் வரவே இல்லை. 1872 நவம்பர் 27 ராத்திரி பூமி அதன் பாதையைக் கடந்தபோது, மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. எல்லாம் பீலாவின் தூசி. காற்றில் உரசி மேலேயே எரிந்து போச்சு.