விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: பாட்டு வேலை நிற்காமல் மாறுவது எப்படி?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கொஞ்சம் வயதான கணினிகளில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. வீட்டில் ஒரு மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், கீபோர்டு வைத்துக்கொண்டு பாட்டுப் பண்ணுகிறவர்களுக்கு இது கவலைதான். நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனம் வராது. லினக்ஸுக்குப் போய்விடலாமா என்று தோன்றும். தாராளமாகப் போகலாம். என் பாட்டு வேலை முழுவதும் இப்போது அதில்தான் நடக்கிறது.

ஆனால் முதல் தடவை நான் செய்த விதம் தவறு. வெள்ளிக்கிழமை இரவு விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. பழைய பாட்டு ஒன்றில், இரண்டாவது சரணத்தில் குரலைக் கொஞ்சம் தூக்கித் தர வேண்டுமாம். ஐந்து நிமிட வேலை. புராஜெக்ட் ஃபைல் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருளும் இல்லை, அதில் போட்டிருந்த பிளக்இன்களும் இல்லை. இன்னொருவர் கணினியை இரவல் வாங்கித்தான் அதை முடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: மாற்றத்தில் முக்கால் பங்கை விண்டோஸில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கணினியின் இயங்குதளம் கடைசியாக மாறட்டும்.

போகலாமா என்று முதலில் பாருங்கள்

கடைசியாக முடித்த ஐந்து பாட்டுகளைத் திறந்து, அவற்றில் உண்மையாகவே பயன்படுத்திய பிளக்இன்களை ஒரு தாளில் எழுதுங்கள். வாங்கி வைத்திருப்பவை இருநூறு இருக்கலாம். தாளில் இருபது தேறினால் அதிகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே லினக்ஸ் பதிப்பு உண்டா என்று குறியுங்கள். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டிராகன்ஃபிளை ரிவெர்ப், பியானோடெக் போன்றவற்றுக்கு உண்டு. கான்டாக்ட்டுக்கு இல்லை. எஃப்.எல். ஸ்டூடியோ, கியூபேஸ், ஏபிள்டன் லைவ், புரோ டூல்ஸ் ஆகியவற்றுக்கும் இல்லை.

உங்கள் வயலின், நாதஸ்வர ஒலிகள் எல்லாம் கான்டாக்ட் லைப்ரரிகளில்தான் இருக்கின்றன என்றாலோ, ஸ்டூடியோவுக்கு வாராவாரம் புரோ டூல்ஸ் செஷனாகவே கொடுக்க வேண்டும் என்றாலோ, மாறாதீர்கள். அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டுப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது மேல்.

விண்டோஸிலேயே பழகுங்கள்

மென்பொருளையும் இயங்குதளத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால், ஒரு டிராக்கில் சத்தம் வராதபோது குற்றம் எதனுடையது என்றே தெரியாது. அதனால் இரண்டிலும் ஓடுகிற மென்பொருளை இப்போதே பிடியுங்கள். பிட்விக், ஆர்டர், வேவ்ஃபார்ம் ஆகியவை இரண்டிலும் ஓடும். நான் ரீப்பரைச் சொல்வேன். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். சலுகை உரிமம் 60 டாலர். அதோடு வரும் ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாம் லினக்ஸிலும் அப்படியே இருப்பதால், விண்டோஸில் சேமித்த புராஜெக்ட் அங்கே அதே மிக்ஸோடு திறக்கும். ஒரே எச்சரிக்கை: ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் கண்டிப்பாகப் பார்க்கும்.

தாளில் உள்ளவற்றில் லினக்ஸில் இல்லாததற்கு மாற்று தேடி, முழுதாக ஒரு புதுப் பாட்டை அவற்றை மட்டும் வைத்து முடியுங்கள். இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

பழைய பாட்டுகளை ஆடியோவாக்குங்கள்

இது சலிப்பான வேலை. ஆனாலும் இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. முடிந்த பாட்டு ஒவ்வொன்றிலும் எல்லா டிராக்குகளையும் 24 பிட் வேவ் ஃபைல்களாக எடுத்து வையுங்கள். மிருதங்கம் மூன்றாவது நிமிடத்தில்தான் நுழைகிறது என்றாலும், அதன் ஃபைலும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் தானாக வரிசையில் உட்காரும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று எஃபெக்ட் எல்லாம் சேர்ந்தது; மற்றொன்று எதுவும் சேராத வெறும் பதிவு. குரலை மட்டும் தூக்கச் சொன்னால் முதல் பிரதி போதும். ரிவெர்ப்பைக் குறைக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். இட நெருக்கடி என்று தயங்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி.தான். ஐந்து நிமிடப் பாட்டு, 24 மோனோ டிராக் என்றால் ஏறக்குறைய ஒரு ஜி.பி.

மிடி ஃபைலையும் எடுத்து வையுங்கள். நம் இசை பண்ணுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கமகத்தைப் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் வாசித்திருப்பீர்கள். சக்கரம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது மிடி ஃபைலில் இருக்கும். அந்த நகர்வு எத்தனை ஸ்வர இடைவெளி என்பது பெரும்பாலும் சிந்தசைசரின் அமைப்பில் இருக்கும். பொதுவான அளவு மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு. நீங்கள் அதை 12 என்று வைத்து வாசித்திருந்து, புதிய சிந்தசைசர் 2 என்று எடுத்துக்கொண்டால், ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை போன ஜாரு சதுஸ்ருதி ரிஷபத்தைக்கூடத் தொடாமல் சுருங்கிவிடும். எனவே ஒவ்வொரு பாட்டின் ஃபோல்டரிலும் சின்னக் குறிப்பு போடுங்கள்: டெம்போ, சுருதி, பெண்ட் அளவு, எந்த டிராக்குக்கு எந்த ஒலி.

பென் டிரைவில் ஒத்திகை

16 ஜி.பி. பென் டிரைவில் உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸ் வகையை எழுதி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை எழுப்பலாம். டிஸ்க்கில் எதுவும் மாறாது. இன்டர்ஃபேஸின் எல்லா உள்ளீடுகளிலும் மைக்கை மாற்றி மாற்றிச் செருகிப் பேசிப் பாருங்கள். கண்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட் போகிறதா, கீபோர்டு தெரிகிறதா, வைஃபை கிடைக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதியுங்கள். தனி டிரைவர் இல்லாமல் ஐபேடில் ஓடும் இன்டர்ஃபேஸ் பெரும்பாலும் லினக்ஸிலும் ஓடும். ஸ்கார்லெட் இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜெஃப்ரி பென்னட் என்பவர் எழுதிய கட்டுப்பாட்டு டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. மிக்ஸர் சாளரத்தையும் அவரே தனியாக எழுதித் தந்திருக்கிறார்.

வேறு டிஸ்க்கில் ஏற்றுங்கள்

விண்டோஸ் டிஸ்க்கைத் தொடாதீர்கள். புதிய எஸ்.எஸ்.டி. வாங்கி, விண்டோஸ் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். லேப்டாப்பில் ஒரே இடம்தான் உண்டு என்றால் பழையதைக் கழற்றி வைத்துவிட்டு அதில் புதியதை மாட்டுங்கள். அதற்கு முன் விண்டோஸில் இரண்டு வேலை: பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைப்பது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. இரண்டாவதைச் செய்யாவிட்டால், அந்த டிஸ்க்கில் லினக்ஸிலிருந்து எழுத முடியாமல் போகலாம்.

தாமதத்தைச் சரிசெய்வது

ஏஎஸ்ஐஓ டிரைவர் தேட வேண்டியதில்லை. உபுண்டு ஸ்டூடியோவில் பைப்வயர் ஒலியைப் பார்த்துக்கொள்கிறது. ரீப்பரின் ஆடியோ அமைப்பில் ஜாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேரடியாக ஆல்சாவைக் கொடுத்தால் இன்டர்ஃபேஸை ரீப்பரே எடுத்துக்கொண்டு, பிரவுசரில் ஓடும் பாட்டு ஊமையாகிவிடும். உங்கள் பயனர் பெயர் ஆடியோ குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒலிக்கு முன்னுரிமை கிடைக்காமல் கரகரப்பு வரலாம்.

அடுத்தது பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் சுமார் 21 மில்லிசெகண்டு. 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7. ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 35 செ.மீ. போகும். அப்படியானால் 5.3 மில்லிசெகண்டு என்பது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதுபோல. பாடகருக்கு அது பெரும்பாலும் உறுத்தாது. தாள வாத்தியம் வாசிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இந்தக் கணக்கு ஒரு வழிக்குத்தான். போய்வரும் மொத்தத் தாமதத்தில் ரீப்பர் ஈடுசெய்யாமல் விட்டதை அளக்க, இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைப் போட்டு, மெட்ரோனோம் கிளிக்கைப் பதிவு செய்யுங்கள். அலையைப் பெரிதாக்கி, மூலக் கிளிக்குக்கும் பதிவான கிளிக்குக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணுங்கள். ரீப்பர் தானாக ஈடுசெய்தது போக மிஞ்சும் அந்த எண்ணைப் பதிவுத் தாமதத் திருத்தத்தில் கொடுத்தால் அடுத்த டேக் தாளத்தில் வந்து உட்காரும்.

கரகரப்பு நிற்கவில்லை என்றால் சிபியுவைப் பெர்ஃபார்மன்ஸ் நிலைக்கு மாற்றுங்கள். பதிவு நேரத்தில் வைஃபையை அணையுங்கள். பதிவுக்கு 128, மிக்ஸுக்கு 1024 என்று மாற்றி மாற்றி வைப்பதே என் வழக்கம். 2024 நவம்பரில் வந்த 6.12 கர்னலில் ரியல்டைம் வசதி மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் வீட்டுப் பதிவுக்கு அதைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம்.

விட முடியாத ஓரிரு பிளக்இன்கள்

வைன், யாபிரிட்ஜ் என்ற இரண்டு மென்பொருள்களையும் சேர்த்துப் போட்டால் விண்டோஸ் பிளக்இன்கள் பல ரீப்பருக்குள் திறக்கும். டாங்கிள் உரிமம் கேட்பவை பெரும்பாலும் மல்லுக்கட்டும். வைனுக்குப் புதிய பதிப்பு வந்ததும் ஏற்றிவிடாதீர்கள்; சரியாக ஓடுகிற பதிப்பிலேயே நிறுத்தி வையுங்கள். அப்படி ஓட்டுகிற பிளக்இன் டிராக்கை மிக்ஸ் முடிந்த அன்றே ஆடியோவாக எடுத்துவிடுங்கள்.

எல்லாம் தயாரானதும், முதலில் காசு வாங்காத, தேதி குறிக்காத பாட்டு ஒன்றை எடுங்கள். குரலும் தம்புராவும் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. அது முடிந்ததும் பழைய பாட்டு ஒன்றின் வேவ் ஃபைல்களை லினக்ஸில் போட்டு, குரலை அரை டெசிபல் தூக்கி ஏற்றுமதி செய்து, ஏற்கெனவே கொடுத்த மிக்ஸோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். குரலைத் தவிர வேறெதுவும் நகரவில்லை என்றால் விண்டோஸ் டிஸ்க்கில் தேதியை எழுதி அலமாரியில் வையுங்கள்.