பெயரும் பொருளும்

மகனுடைய மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயரிடும் வழக்கம் ஓர் உறவுமுறைக்கே பெயர் தந்துவிட்டதைக் காண்மின்!

முன்னோரை நினைந்து பெயரிடுவதுபோலவே, அழகு கருதிப் பெயரிடுதலும் உண்டு. கயல்விழி, தேன்மொழி, மலர்விழி என்பன செவிக்கும் நெஞ்சுக்கும் இனியவை. கயல் என்பது ஒருவகை மீன். கயல் போன்ற விழி என விரியுங்கால் அஃது உவமைத்தொகை. அத்தகைய விழியை உடையாள் என ஒரு பெண்ணைக் குறிக்குங்கால் அன்மொழித்தொகை. இலக்கண வகுப்பில் மாணவர் அஞ்சிப் பயிலும் அத்தொகை, அடுத்த வீட்டுச் சிறுமியின் பெயராய் நாள்தோறும் அழைக்கப்படுகின்றது.

மணிமேகலை என்பது மணிகள் கோத்த இடையணியைக் குறிக்கும். எனினும், கோவலன் தன் மகளுக்கு அப்பெயரை இட்டது அணியின் அழகு கருதி அன்று. அவன் முன்னோன் ஒருவன் நள்ளிரவில் கலம் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தான். மணிமேகலை என்னும் கடல்தெய்வம் தோன்றி அவனைக் காத்தது. அந்நன்றியை மறவாத கோவலன், மாதவி ஈன்ற மகளுக்குத் தன் குலதெய்வத்தின் பெயரையே இடச் செய்தான். இச்செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும்.

நன்றியினும் அச்சம் வலிது போலும்! பிறந்த மக்களை அடுத்தடுத்து இழந்த தாய், அடுத்த மகவைக் குப்பையிற் புரட்டி எடுத்துக் குப்பம்மாள் என்றோ குப்புசாமி என்றோ பெயரிடுவாள். பிறர் கையில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்பப் பெற்றுப் பிச்சை என அழைப்பதும் உண்டு. இழிந்த பொருளென எண்ணிக் கூற்றுவன் விட்டுச் செல்வான் என்பது அவள் நம்பிக்கை. செவிக்கு இன்னாத அப்பெயர்களுள் மறைந்துகிடக்கும் அன்பு, கயல்விழி என்னும் பெயரில் உள்ளதினும் குறைந்ததன்று.

ஆனால், வேண்டாம், போதும்பொண்ணு என்னும் பெயர்களை அவ்வாறு கூற இயலாது. ஆண்மகவை வேண்டிய பெற்றோர், பெண்மகவுகளே தொடர்ந்து பிறக்க, கடைசி மகளுக்கு இட்ட பெயர்கள் இவை. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்குந்தோறும், தான் விரும்பப்படாதவள் என்பதை அச்சிறுமி கேட்டுக்கொண்டே வளர்கிறாள்.

மராட்டிய மாநிலத்திலும் இவ்வழக்கம் உண்டு. அங்கு அப்பெயர் நகுசா. வேண்டாதவள் என்பது பொருள். சாத்தாரா மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு விழா ஒன்று எடுத்து, இப்பெயர் தாங்கிய 280க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதுப்பெயர் எழுதிய சான்றிதழ் வழங்கினர். அவர்களுள் சிலர் பழைய மரபுப் பெயர்களையும், சிலர் தாம் விரும்பிய திரைப்பட நடிகையரின் பெயர்களையும் சூடிக்கொண்டனர்.