அடங்காப் பசியுடைய குழந்தைகள்

1956-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு வைத்தியர்களான பிராடர், லாப்ஹார்ட், வில்லி ஆகிய மூவரும் ஓர் அரிய வளர்ச்சிக் குறையை விவரித்தனர். பாலை உறிஞ்சவும் வலுவின்றித் துவண்டு கிடக்கும் சிசு, சில ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு உண்டாலும் பசி தீராத குழந்தையாக மாறுகிறது. இது ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் காணப்படுகிறது. ஆகவே பெங்களூரில் ஈஜிபுரா போன்ற நெருக்கமான பகுதியில் வீடு வீடாகச் செல்லும் ஊழியர், இத்தகைய குழந்தையை என்றேனும் சந்திக்க நேரலாம்.

தந்தையிடமிருந்து வரும் 15-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இல்லாமற் போவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். சிலரிடம் அக்குரோமோசோம் இரண்டும் தாயிடமிருந்தே வந்திருக்கும். கர்ப்ப காலத்தில் தாய் உண்டதும் உண்ணாததும் இதற்குக் காரணமல்ல. இதனை மாமியார் முன்னிலையிலேயே எடுத்துச் சொல்லுதல் நலம்.

வயிறு நிறைந்த செய்தி மூளையில் முறையாகப் பதிவாவதில்லை. அதனால் குழந்தை பிறர் உணவை எடுக்கிறது. குப்பையில் கிடப்பதையும் உண்கிறது. பள்ளியில் அதற்குத் திருடன் என்று பெயர் வருகிறது, அடியும் விழுகிறது. அடியால் இப்பசி தீர்ந்ததில்லை. சமையலறையைப் பூட்டி வைக்குமாறு நூல்கள் கூறும். ஓரறை வீட்டில் சமையலறைக்குக் கதவு ஏது? அங்கே பூட்டுள்ள தகரப் பெட்டி ஒன்று போதும். உணவு வேளையும் அளவும் நாள்தோறும் மாறாதிருத்தல் வேண்டும். அடுத்த உணவு எப்போது என்று திட்டமாக அறிந்த குழந்தையின் அமளி குறைகிறது. பள்ளியில் சாப்பாட்டுப் பைகளைக் குழந்தையின் கைக்கெட்டாத இடத்தில் வைக்கலாம். பிறந்தநாள் மிட்டாயை வகுப்பில் பகிர்வதற்குப் பதில் பென்சில் தரலாம்.

ஆசிரியர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்குழந்தைகள் வாந்தி எடுப்பது அரிது. வலியையும் குறைவாகவே உணர்வர். மிகுதியாக உண்டபின் வயிறு உப்பினாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ, அது விளையாடிக்கொண்டிருப்பினும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

டி.என்.ஏ. மெத்திலேற்றச் சோதனை ஏறக்குறைய எல்லா நேர்வுகளையும் காட்டிவிடும். அடுத்த குழந்தைக்கும் இந்நிலை வருவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிற்கும் குறைவே. சில வகைகளில் மிக அதிகம். எனவே மறு கர்ப்பத்திற்கு முன் மரபியல் ஆலோசனை தேவை. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில், வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சைக்குரிய நிலைகளுள் இதுவும் சேர்க்கப்பட்டது. 2022-இல் உதவித்தொகையின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இதற்குரிய பெங்களூர் மையம், இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையுடன் இணைந்த மனித மரபியல் மையமாகும். ஊசி தொடங்குமுன் உறக்கத்தில் மூச்சுத் தடை உண்டா என்று சோதித்தல் அவசியம்.

அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்க்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊனச் சான்றும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் பெறலாம். 18 வயது நிறைந்தபின் சட்டக் காப்பாளரை நியமிக்க மாவட்டத்தின் உள்ளூர் நிலைக் குழுவிடம் மனுச் செய்தல் வேண்டும். அவ்வயதிலும் பசி அடங்குவதில்லையாதலால், பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் குடும்பத்தார் அப்போதே பேசி வைத்தல் நன்று.