ரேம் மாத்தியும் கம்ப்யூட்டர் கிளம்பலையா? வரிசையா சோதிங்க!

கீரனூரில் இருக்கும் குளத்தூர் தாலுகா அலுவலகத்துக்கு நேரில் போய் வாங்கிய பல சான்றுகளுக்கு இப்போது வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது. அவசரத்துக்கு செல்போன் போதும். ஆனால் ஆவணங்களை ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, பத்துப் பக்கம் பதிவேற்ற வேண்டுமென்றால் டெஸ்க்டாப்தான் வசதி.

அந்த டெஸ்க்டாப் பழசாகி, 2 ஜிபி ரேமுடன் திணறினால் என்ன ஆகும்? கடைசித் தேதி அன்று பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். புது கம்ப்யூட்டர் வாங்குவதைவிட ரேமைக் கூட்டுவது செலவு குறைவு. ஆனால் புது ரேமைப் போட்டதும் திரை கறுப்பாகவே நின்றால், "காசு போச்சே" என்று பயந்துவிடுகிறோம். பெரும்பாலும் ரேம் கெட்டுப்போயிருக்காது. பொருத்தமில்லாத ரேமாக இருக்கும், அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது.

வாங்கும் முன்: போனில் ஒரு படம்

திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறும் முன், பழைய ரேமின் லேபிளையும் மதர்போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணையும் போனில் படம் எடுங்கள். லேபிளில் 'பிசி2' என்றால் டிடிஆர்2, 'பிசி3' என்றால் டிடிஆர்3, 'பிசி4' என்றால் டிடிஆர்4. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சேராது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ரேம் உள்ளே போகவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். லேப்டாப் ரேம் நீளம் குறைவு, டெஸ்க்டாப்புக்கு ஆகாது.

போர்டு எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். இன்டெல் ஜி41 சிப்செட் போர்டு அதிகபட்சம் 8 ஜிபிதான் ஏற்கும். அதில் 4 ஜிபி ரேம் போடுவதானால், இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 8 சிப் மட்டும் உள்ள 4 ஜிபி ரேம் இந்த போர்டில் பொதுவாக வேலை செய்யாது.

திரை வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது

1. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே ரேமைத் தொடுங்கள்.
2. பழைய ரேமை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். திரை வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால், வேலையின்போது மானிட்டர் கேபிளோ மற்ற வயர்களோ தளர்ந்ததா என்று பாருங்கள்.
3. மறுபடி அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதே ஸ்லாட்டில் புது ரேமை மட்டும் போடுங்கள். கிளிப் 'டக்' என்று விழும்வரை இரு முனையையும் சமமாக அழுத்துங்கள்.
4. அப்போதும் வரவில்லையா? ரேமின் தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூளை உதறிவிட்டு, அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஸ்லாட்டில் தூசி இருந்தால் காய்ந்த பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம்.
5. தனித்தனியாக ஓடி, சேர்த்தால் ஓடவில்லை என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரே வகை, ஒரே வேகம் கொண்ட ஜோடியாக மாற்றிக் கேளுங்கள். பில்லைக் கையில் வையுங்கள்.

ஆன் ஆகுது, ஆனா 4 ஜிபி முழுசா காட்டலை

செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதியைப் பாருங்கள். '32-பிட்' என்று இருந்தால் 4 ஜிபி போட்டாலும் ஏறத்தாழ 3 முதல் 3.5 ஜிபிதான் பயன்படும். புராசசர் 64-பிட் என்றால் 64-பிட் விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் ஃபைல்களை நகலெடுத்து வையுங்கள். ரேமை மாற்றுவதால் மட்டும் எந்த ஃபைலும் அழியாது. ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

அடிக்கடி நீலத்திரை வந்து நின்றால், ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடுங்கள். பிழை காட்டினால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுச் சோதித்தால் எதில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

செலவு செய்யும் முன் ஒரு கணக்கு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு பொதுவாக 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம் மட்டும் போதாது, டிபிஎம் 2.0 வசதியும், ஏற்கத்தக்க புராசசரும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இல்லை. அப்படியானால், சி-டாக் உருவாக்கிய இலவச பாஸ் லினக்ஸ் போன்றவற்றைப் போட்டு, கூட்டிய ரேமைப் பயனாக்கலாம். ஸ்கேனரும் பிரிண்டரும் அதில் ஓடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய ரேமைக் குப்பையில் போடாதீர்கள். ஓடும் ரேம் என்றால் அடுத்த முறை சோதிக்க உதவும். கெட்டது என்றால் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மட்டும் கேபினட்டைத் திறக்காதீர்கள். அன்றைக்கு அருகில் உள்ள இ-சேவை மையமே கைகொடுக்கும்.