அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு முன்வாயில்

புனே நகரை அடுத்த தொழிற்பேட்டைக் கிளை ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், வாகன உதிரிப்பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை கணக்கு அறிக்கையுடன் வந்து அமர்ந்தார். அவரிடம் சரக்கு வாங்கிய இருவர் பணம் அனுப்பிவிட்டதாகக் கூறுகின்றனர். பரிவர்த்தனை எண்களையும் தருகின்றனர். ஆனால் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவாகவில்லை. இரண்டும் சேர்ந்து 23 லட்சம் ரூபாய். அனுப்பிய வங்கிகளிடம் விசாரித்தபோது, பணம் வேறொரு மாநிலத்தில் உள்ள, யாரும் கேள்விப்படாத பெயருடைய ஒரு கணக்கிற்குச் சென்று சேர்ந்திருந்தது தெரிந்தது.

அந்தக் கணக்கு எண்ணை அவர்களுக்குத் தெரிவித்தது யார் என்று பார்த்தால், இவருடைய நிறுவனமேதான். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனிவரும் தொகைகளைக் கீழ்க்கண்ட கணக்கிற்கு அனுப்பவும்’ என்ற மின்னஞ்சல், இவருடைய கணக்குப் பிரிவின் உண்மையான முகவரியிலிருந்து, நிலுவையில் இருந்த பில் பற்றிய கடிதத்திற்கு மறுமொழியாகச் சென்றிருந்தது. போலி முகவரி இல்லை. எழுத்துப் பிழை இல்லை. பில் எண்ணும் தொகையும் சரியாக இருந்தன. வாங்கியவர்கள் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை.

வெளியாள் ஒருவர் பல நாட்களாகக் கணக்குப் பிரிவின் அஞ்சல்பெட்டிக்குள் நுழைந்து, யார் எப்போது எவ்வளவு தரவேண்டும் என்பதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்துடன் ஒரு சிறு ஏற்பாட்டையும் செய்திருந்தார். அந்த இருவரிடமிருந்து வரும் மறுமொழிகள் அனைத்தும், ‘ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்’ என்ற, நம்மில் எவரும் வாழ்நாளில் திறந்து பார்த்திராத கோப்புறைக்குத் தாமாகவே போய்ச் சேரும்படி விதி அமைத்திருந்தார். ஆகவே, ‘கணக்கு மாற்றம் சரிதானா?’ என்று ஒருவர் கேட்டு எழுதிய மின்னஞ்சலைக்கூட உரியவர் பார்க்கவில்லை. வெளியாளே அதைப் பார்த்து, ‘சரிதான்’ என்று பதிலும் எழுதிவிட்டார்.

நான் வணிகவியல் பட்டதாரி. கணினிப் பொறியியல் அறியேன். ஆயினும் அந்த நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளருடன் மூன்று மாலைகள் அமர்ந்து, இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கேட்டறிந்தேன். சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்திருக்கும் நடுத்தர நிறுவனங்கள் நம் வாடிக்கையாளர்களில் பல உள்ளன. அவற்றின் உரிமையாளர்களுக்கும் கணக்குப் பொறுப்பாளர்களுக்கும் இது பயன்படும் என்பதால் இங்கு விளக்குகிறேன்.

அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வர் அலுவலகத்தின் முதல் மாடியில், குளிரூட்டப்பட்ட ஒரு சிற்றறையில் இருந்தது. விற்பனைப் பிரிவினர் ஊர் ஊராகச் செல்பவர்கள். கைப்பேசியிலேயே மின்னஞ்சல் பார்க்க வேண்டும் என்று கேட்டனர். ஆகவே, ஃபயர்வாலில் 443 என்ற எண்ணுடைய வழி திறக்கப்பட்டு, இணையத்திலிருந்து வரும் எவரும் நேரே அந்தச் சர்வரின் நுழைவுப் பக்கத்தை அடையலாம் என்றாகிவிட்டது. ஊழியருக்காகத் திறந்த கதவு உலகம் முழுவதற்கும் திறந்திருந்தது. நடுவில் இருந்த ஒரே தடை கடவுச்சொல். அந்த ஊழியரோ அதே கடவுச்சொல்லை ஏதோவொரு பொருள் விற்பனைத் தளத்திலும் பயன்படுத்தியிருந்தார்.

வங்கியில் பணம் கட்ட வரும் ஒருவரை நேரே பாதுகாப்புப் பெட்டக அறைக்கு அழைத்துச் சென்று, அங்கே வைத்து ‘நீங்கள் யார்?’ என்று நாம் கேட்பதில்லை. முகப்பில் கவுன்ட்டர் இருக்கிறது. அடையாளம், கையொப்பம் எல்லாம் அங்கேயே சரிபார்க்கப்படுகின்றன. வாடிக்கையாளர் சார்பாக ஊழியரே உள்ளே சென்று வருகிறார். வந்தவருடைய கால் பெட்டக அறையில் படுவதே இல்லை. மின்னஞ்சல் சர்வருக்கு அத்தகைய கவுன்ட்டராக நிற்பதுதான் தொலையணுகல் கேட்வே எனப்படும் நுழைவாயில்.

இது தனியான ஒரு கருவியாகவோ மென்பொருளாகவோ இருக்கலாம். அலுவலகத்தின் உள்வலைக்கும் இணையத்திற்கும் இடையே, இரண்டிலும் சேராத ஒரு நடுப்பகுதியில் இது வைக்கப்படுகிறது. நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கைப்பேசியில் தட்டினால் இணைப்பு கேட்வேயில்தான் சென்று முடியும். மறையாக்கம் செய்யப்பட்டு வந்த தகவலை அது பிரித்துப் பார்க்கிறது. கடவுச்சொல்லையும், கைப்பேசியில் தோன்றும் ஓடிபி போன்ற இரண்டாவது அடையாளத்தையும் கேட்கிறது. இரண்டும் பொருந்தினால் மட்டுமே, கேட்வே தானே சர்வருடன் வேறொரு புதிய இணைப்பை ஏற்படுத்தி, ஊழியருடைய சார்பில் கேட்டுப் பெற்றுத் தருகிறது. பெட்டக அறையின் இரு சாவிகளை இரு அலுவலர்கள் வைத்திருக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு கடவுச்சொல் மட்டும் ஏன் போதாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. எந்தெந்தப் பக்கங்கள் வெளியே தெரிய வேண்டும் என்பதைக் கேட்வேயில் வரையறுக்கலாம். மின்னஞ்சல் படிக்கும் பக்கம் தெரியட்டும். புதிய பயனரைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் நிர்வாகப் பக்கம் அலுவலகத்திற்கு வெளியே தெரிய வேண்டிய தேவையே இல்லை. நான் பார்த்த நிறுவனத்தில் இரண்டுமே தெரிந்தன.

கடவுச்சொல்லை வலுவாக வைத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதற்கு விடை சொல்லியது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் சர்வர் மென்பொருளில் நான்கு குறைகள் கண்டறியப்பட்டு, மார்ச் 2 அன்று அவசரத் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. ‘பிராக்ஸிலாகான்’ என்று பெயர் பெற்ற அந்தக் குறையின் கொடுமை, உள்ளே நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை என்பதுதான். சர்வரின் 443 வழியை நேரே தொட முடிந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வங்கி மேற்பார்வை அமைப்பான ஐரோப்பிய வங்கி ஆணையமே அந்த வாரம் தன் மின்னஞ்சல் சர்வர்கள் தாக்கப்பட்டதை அறிவித்து, முன்னெச்சரிக்கையாக அவற்றை இணையத்திலிருந்து துண்டித்தது. திருத்தத்தை நிறுவிய பிறகும் பலருக்குத் தொல்லை தீரவில்லை. நுழைந்தவர்கள் மீண்டும் வருவதற்காகச் சர்வருக்குள் சிறு நிரல்களை விட்டுச் சென்றிருந்தனர். அடையாளம் சரிபார்க்கப்படாத எவரும் சர்வரைத் தொடவே முடியாதபடி முன்னால் ஒரு கேட்வே நின்ற இடங்களில், அந்தத் தாக்குதலின் முதற்படியே தடைப்பட்டது.

கேட்வே வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. செலவு செய்த பிறகும் கதவு திறந்தே கிடப்பதைப் பின்னாளில் சில நிறுவனங்களில் கண்டேன். முதற்காரணம் பழைய வழி. கேட்வேயை நிறுவி, சோதித்து, எல்லாரும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும், ஃபயர்வாலில் சர்வருக்கு நேரே செல்லும் முந்தைய வழியை ‘ஏதாவது கோளாறு என்றால் உதவும்’ என்று மூடாமல் விட்டிருப்பார்கள். தாக்குபவர்கள் கேட்வேயின் பெயரைத் தேடி வருவதில்லை. இணைய எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். சர்வர் கேட்வேயிடமிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்க வேண்டும்.

அடுத்தது கைப்பேசி. உலாவியில் மின்னஞ்சலைத் திறப்பவருக்கு ஓடிபி கேட்கும் பக்கத்தைக் காட்டலாம். கைப்பேசியின் அஞ்சல் செயலிகளில் பல அப்படி ஒரு பக்கத்தைக் காட்ட இயலாதவை. பின்னணியில் அவை தாமே கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டிருக்கும். இதனால் ‘கைப்பேசிக்கு மட்டும் விலக்கு’ என்று கேட்வேயில் ஒரு விதி சேர்க்கப்படுகிறது. அந்த விலக்கின் வழியாகக் கடவுச்சொல் மட்டும் தெரிந்த எவரும் வரலாம். முன்வாசலில் இரட்டைப் பூட்டும் கொல்லையில் தாழ்ப்பாள் இல்லாத கதவும் வைத்ததற்கு ஒப்பாகும் இது. ஒவ்வொரு கைப்பேசியிலும் நிறுவனம் வழங்கும் மின்சான்றிதழை நிறுவி, அச்சான்றிதழ் இல்லாத கருவியைக் கேட்வே ஏற்க மறுக்கும்படி செய்வதே முறை. ஊழியர் விலகும்போது அவருடைய சான்றிதழை ரத்து செய்துவிடலாம். கடவுச்சொல் மாற்றத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு நுட்பம். கடவுச்சொல்லைத் தவறாக இத்தனை முறை இட்டால் கணக்கு முடங்கும் என்ற விதி உள்வலையில் இருக்கும். வெளியாள் வேண்டுமென்றே தவறாக இட்டுக்கொண்டிருந்தால், மாதக் கடைசியில் உங்கள் கணக்காளர் அலுவலகத்தில் அமர்ந்திருந்தும் வேலை செய்ய முடியாமல் முடங்கிப்போவார். எடுத்துக்காட்டாக, உள்ளே 10 முறை என்று இருந்தால், கேட்வேயில் 5 முறையிலேயே வெளித்தொடர்பை மட்டும் நிறுத்திவிடும்படி அமைக்க வேண்டும். உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்கத் தொடங்கினால், இன்னும் செய்யவில்லை என்று கொள்ளலாம்.

கேட்வேயும் ஒரு கணினிதான். அதற்கும் குறைகள் உண்டு. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் கேட்வேயில் கண்டறியப்பட்ட ‘சிட்ரிக்ஸ் பிளீட்’ குறை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் அனுமதிச் சீட்டு போன்ற தகவலை வெளியே கசியவிட்டது. சீட்டைப் பெற்றவர் கடவுச்சொல்லும் ஓடிபியும் இன்றியே நுழைந்துவிடலாம். திருத்தத்தை நிறுவியதோடு, அப்போது நடப்பில் இருந்த எல்லா இணைப்புகளையும் துண்டித்து அனைவரையும் மீண்டும் நுழையச் செய்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும் என்ற நிலை. மேலும், ஆதரவுக் காலம் முடிந்த கருவிகளுக்குத் திருத்தமே வராது. ஒரு காலத்தில் இப்பணிக்கு நம் நாட்டு அலுவலகங்களிலும் இருந்த மைக்ரோசாப்ட் ஃபோர்ஃப்ரன்ட் டிஎம்ஜி மென்பொருளின் ஆதரவு 2020 ஏப்ரல் 14 அன்று முடிந்தது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய பதிப்புகளின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ‘இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்பது அச்சு இயந்திரத்திற்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

உடனடிச் செய்திக்கும் கூட்டங்களுக்கும் சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கூட்டத்தில் சேர்வதற்கான இணையப் பக்கம் கேட்வே வழியாக வரலாம். குரலும் காட்சியும் வேறு வழியில் செல்பவை, அவற்றுக்கு எட்ஜ் சர்வர் என்ற தனிக்காவல் தேவை. ஒன்றை அமைத்துவிட்டு இரண்டும் ஆயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. மின்னஞ்சலை முழுவதுமாக மேகக்கணினிச் சேவைக்கு மாற்றிவிட்டவர்களுக்குச் சொந்தக் கேட்வே தேவையில்லை. ஆனால் இரண்டாவது அடையாளச் சரிபார்ப்பு அவர்களுக்கும் கட்டாயம் தேவை.

இனி, வங்கி அலுவலர் என்ற முறையில் சில செய்திகள். மின்னணுப் பணப்பரிமாற்றத்தில் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணைக் கொண்டுதான். நீங்கள் எழுதும் பெயரைக் கொண்டு அன்று. ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி, ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் முறைகளில் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கணக்கு மாற்றக் கடிதம் எதுவாயினும், அதில் தோன்றும் பெயரைப் பாருங்கள். பிறகு அக்கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அன்றி, உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். தாமே உறுதிசெய்து அனுப்பிய தொகைக்கு, அனுமதியற்ற பரிவர்த்தனைகளுக்கென ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த பொறுப்புவரம்பு விதிகள் எளிதில் கைகொடுப்பதில்லை என்பதையும் கருத வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த கணத்தில் 1930 என்ற எண்ணை அழைத்து, உடனே உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும் முன் முடக்க முடிந்தால்தான் மீட்பு. இந்த முடக்கத்தில் மணிகளுக்குத்தான் மதிப்பு, நாட்களுக்கு இல்லை. சர்வர் தாக்கப்பட்டிருந்தால், 2022 ஏப்ரல் 28 நாளிட்ட சிஇஆர்டி-இன் ஆணைப்படி 6 மணி நேரத்திற்குள் அவ்வமைப்புக்கும் அறிவிக்க வேண்டும். அதே ஆணை, கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காத்துவைக்கச் சொல்கிறது. கேட்வேயின் பதிவில் யார், எந்த ஊரிலிருந்து, எப்போது நுழைந்தார் என்பது இருக்கும். நான் சொன்ன நிறுவனத்தில் பதிவுகள் 7 நாட்களுக்கு ஒருமுறை தாமாக அழிந்துகொண்டிருந்தன. வெளியாள் முதலில் வந்த நாளை இறுதிவரை அறிய இயலவில்லை. 23 லட்சத்தில் திரும்பி வந்தது 4 லட்சத்துச் சொச்சம். ஊழியரின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்தக் கோப்புறை விதி அப்படியே இருந்தது. கணினிப் பொறுப்பாளர் ஒவ்வோர் அஞ்சல்பெட்டியாகத் திறந்து பார்த்தபோது, வாங்குவோர் கடிதங்களை வெளி முகவரிக்கு நகலனுப்பும் இன்னொரு விதியும் உரிமையாளரின் சொந்தப் பெட்டியில் அகப்பட்டது.

உங்கள் அலுவலகத்தின் நிலையை இன்று மாலையே அறியலாம். அலுவலக வைஃபையைத் துண்டித்துவிட்டு, கைப்பேசியின் சொந்த இணையத்தில், இதுவரை நுழையாத ஓர் உலாவியில் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல்லை இட்டவுடன் அஞ்சல்பெட்டி நேரே திறந்துவிட்டால், கணினிப் பொறுப்பாளரை அழையுங்கள். ஓடிபி கேட்டாலும், நீங்கள் வாங்கும் ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் அது கேட்கப்படுகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தப் புனே நிறுவனம் இப்போது ஒவ்வொரு பில்லின் அடியிலும் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவிக்க மாட்டோம்’ என்ற ஒரு வரியை அச்சிட்டு அனுப்புகிறது.