புதுச்சேரியில் ஆசிரியர் வேலை தேடுகிறீர்களா?

புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் கிடையாது. அரசுப் பள்ளிகள் அண்டை மாநிலப் பாடத்திட்டங்களை விட்டு, படிப்படியாக சி.பி.எஸ்.இ.க்கு மாறின. ஆகவே மாதிரி வகுப்பு எடுக்கப் போகுமுன் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் புரட்டிவிடுங்கள். பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லும் கேள்வி ஒன்று தயாராக இருந்தால் கைகொடுக்கும்.

பி.எட். இருக்கிறதே என்று சி-டெட் என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு முதல் தாள், 6 முதல் 8 வரை இரண்டாம் தாள். பொதுப்பிரிவினருக்கு 150-க்கு 90 தேவை. மொழித்தாளாகத் தமிழை எடுக்கலாம். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பணியில் இருப்பவர்களும் கவனியுங்கள்: ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால் 2 ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயத்தைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது.

அரசுப் பணி என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் போகவும் நேரலாம். வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

தனியார் பள்ளியில் அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகலை மட்டும் கொடுங்கள். மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்பதைப் பணி ஆணையில் எழுதி வாங்குங்கள். கூச்சமே வேண்டாம், இது உங்கள் உழைப்பு. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதிசெய்தது. கடைசிச் சம்பளம் 15,000 ரூபாய், 6 ஆண்டுப் பணி என்றால் சுமார் 51,900 ரூபாய் வரும். அதற்கு ஆதாரம் சேர்ந்த தேதியுள்ள பணி ஆணையும் சம்பளச் சீட்டுகளும்தான். ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.